ஒளியை ஆய்ந்த அறிஞர் கே.எஸ். கிருஷ்ணன்

ஆண்டுதோறும் பிப்ரவரி 28ஆம் நாளைத் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறோம். சர் சி.வி. இராமனின் படத்திற்கு மாலை சூட்டி, அவர் கண்டறிந்த இராமன் விளைவைப் பற்றிப் பேசுகிறோம். அது அவருக்கு உரிய பெருமை. அதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் அவ்விழாவில் பேசுவதற்காக நூலகத்தில் குறிப்பெடுக்க அமர்ந்தபோது ஒரு செய்தி என்னை நிறுத்தியது. 1928ஆம் ஆண்டு மார்ச் மாதம் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த முதல் குறிப்பில் இராமனின் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு பெயரும் இருக்கிறது. அது கே.எஸ். கிருஷ்ணன் என்னும் தமிழரின் பெயர். அவருடைய வாழ்க்கையைத் தோழர்களுக்குச் சொல்ல வேண்டும் என்னும் ஆவலால் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

ஆவலுக்குக் காரணம் உண்டு. என் ஊர் கோட்டக்குப்பம். என் தாயார் பிறந்தது மரக்காணத்தில். சிறுமியாக இருந்தபோதே பள்ளியை விட்டு, கோடை முழுவதும் உப்பளத்தில் வேலை செய்தவர் அவர். பாத்தியில் விளைந்த உப்பை வாரி வரப்பில் குவிப்பதும், கூடையில் சுமந்து சென்று அம்பாரத்தில் கொட்டுவதும் அவர் வேலை. அந்த உப்பு மூட்டையாகிக் கடைக்குப் போகும்போது அதன்மேல் ஒரு பெயர் அச்சாகியிருக்கும். வாரியவர் பெயரும் சுமந்தவர் பெயரும் எந்த மூட்டையிலும் இருந்ததில்லை. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இயற்பியல் படித்து என்ன ஆகப் போகிறாய் என்று உறவினர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. முதலாண்டு விடுமுறையில், படிப்பை நிறுத்திவிட்டுப் புதுச்சேரியில் ஏதேனும் கடையில் சேர்ந்துவிடலாம் என்றுகூட எண்ணினேன். அந்நிலையில்தான் கிருஷ்ணனின் வரலாறு என் கைக்கு வந்தது.

கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் 1898ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள், இன்றைய விருதுநகர் மாவட்டத்திலுள்ள வத்திராயிருப்பில் பிறந்தார். தந்தையார் உழவர், தமிழிலும் வடமொழியிலும் புலமை உடையவர். சொந்த ஊரில் தொடக்கக் கல்வியும், ஸ்ரீவில்லிபுத்தூரில் உயர்நிலைக் கல்வியும் முடித்த கிருஷ்ணன், மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார். பின்னர் கிறித்தவக் கல்லூரியிலேயே வேதியியல் டெமான்ஸ்ட்ரேட்டராகப் பணியில் சேர்ந்தார். உணவு இடைவேளையில் மாணவர்கள் அவரைச் சூழ்ந்துகொள்வார்களாம். பாடத்திட்டத்தில் உள்ளதா இல்லாததா என்று பாராமல், எந்த ஐயத்தையும் கேட்கலாம். ஆய்வகத்தில் நமக்குக் கருவிகளை எடுத்துக் கொடுப்பவரிடமும் ஒரு பேரறிஞர் மறைந்திருக்கலாம் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1920இல் அவர் இராமனைத் தேடிக் கல்கத்தாவுக்குச் சென்றார். 1923இல் பௌபஜார் தெருவிலிருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் அவரிடம் ஆய்வாளராகச் சேர்ந்தார். ஒளி ஒரு பொருளின்மீது பட்டுச் சிதறும்போது என்ன நிகழ்கிறது என்பதே அங்கு நடந்த ஆய்வு. சில காலம் கணக்கும் கோட்பாடுமாக இருந்த கிருஷ்ணனை, 1928 பிப்ரவரித் தொடக்கத்தில் இராமன் மீண்டும் செய்முறைக்கு அழைத்தார்.

அந்தச் சோதனை எளிமையானது. 18 சென்டிமீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி வில்லை ஒன்றால் சூரிய ஒளியைக் குவித்து, மிகத் தூய்மையான திரவத்தின் வழியே செலுத்தினார்கள். ஒளி நுழையும் வழியில் ஊதா நிறத்தை மட்டும் விடும் வடிகட்டி. சிதறிய ஒளியைப் பார்க்கும் இடத்தில் அந்த ஊதாவைத் தடுக்கும் வேறொரு வடிகட்டி. நிறம் மாறாமல் ஒளி சிதறினால் இரண்டாம் வடிகட்டிக்கு அப்பால் இருட்டாகவே இருக்க வேண்டும். ஆனால் அங்கே மங்கிய ஒளித்தடம் ஒன்று தெரிந்தது. ஒளி திரவத்துக்குள் நிறம் மாறியிருக்கிறது! அந்த மங்கிய ஒளியைக் காணும் கருவி கிருஷ்ணனின் கண்தான். ஒரு திரவத்தில் கண்டதோடு நிறுத்தவில்லை. ஏறத்தாழ 60 திரவங்களை ஆய்ந்தார்கள். அனைத்திலும் அது தெரிந்தது.

காரணம் என்ன? ஒளி சிறு சிறு ஆற்றல் பொட்டலங்களாக வருகிறது என்பது குவாண்டம் கொள்கை. அத்தகைய பொட்டலம் ஒன்று மூலக்கூறைச் சந்திக்கையில், தன் ஆற்றலில் ஒரு சிறு பங்கை மூலக்கூறின் அதிர்வுக்குக் கொடுத்துவிட்டு, மீதியோடு வெளியேறுகிறது. ஆற்றல் குறைந்தால் அலைநீளம் கூடும், நிறம் மாறும். எவ்வளவு மாறியது என்று அளந்தால் மூலக்கூறு எப்படி அதிர்கிறது என்று அறியலாம்.

1930இல் நோபல் பரிசு இராமனுக்கு வந்தது. விளைவும் அவர் பெயரைப் பெற்றது. வழிகாட்டியவரும் பல்லாண்டுகள் அந்தக் கேள்வியைத் துரத்தியவரும் அவரே. கிருஷ்ணனோ அதற்குள் டாக்கா பல்கலைக்கழகத்திற்குச் சென்று, சத்தியேந்திரநாத் போஸ் பணியாற்றிய இயற்பியல் துறையில் ரீடராக அமர்ந்து, வேறொரு கேள்வியைக் கையில் எடுத்திருந்தார். அவர் வாழ்வில் என்னைக் கவர்ந்த இடம் இதுவே.

அந்தப் புதிய கேள்வி படிகங்களைப் பற்றியது. மரக்காணத்திலிருந்து கொண்டுவந்த கல்லுப்பை நம் ஆய்வக நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். சின்னஞ்சிறு சதுரக் கட்டிகள்! அத்தகைய கனசதுரப் படிகத்தில் எத்திசையில் சென்றாலும் ஒளிக்கு வேகம் ஒன்றே. காந்தப்புலத்திலும் திசை வேறுபாடு இல்லை. எல்லாப் படிகங்களும் அப்படியல்ல. நாம் துணிகளுக்கிடையே போடும் அந்துருண்டையில் உள்ள நாப்தலீனின் படிகம் திசைக்கொரு காந்த இயல்பு காட்டும். மெல்லிய குவார்ட்ஸ் இழையில் படிகத்தைத் தொங்கவிட்டு, காந்தப்புலத்தில் அது திரும்ப முயலும் விசையைக் கிருஷ்ணன் நுட்பமாக அளந்தார். அதிலிருந்து படிகத்துக்குள் மூலக்கூறுகள் எப்படிச் சாய்ந்து அடுக்கப்பட்டுள்ளன என்று கூறினார். 1933இல் கல்கத்தா திரும்பிய பிறகும் இப்பணி தொடர்ந்தது. பென்சிலில் உள்ள கிராஃபைட் தன் அடுக்குகளின் வழியே மின்சாரத்தை எளிதாகக் கடத்தும், குறுக்கே கடத்த மிகவும் தயங்கும் என்பதை 1939இல் தம் உடன் ஆய்வாளர் ஒருவரோடு சேர்ந்து வெளியிட்டார்.

1940இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1942இல் அலகாபாத் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1947இல் புதுதில்லித் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். கோப்புகள் குவிந்த அந்தப் பதவியிலும் ஆய்வை விடவில்லை. சூடேறிய உலோகங்களும் குறைகடத்திகளும் எலெக்ட்ரான்களை உமிழும் விதத்தை 1950களில் ஆராய்ந்தார். 1954இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1958இல் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசு முதன்முதலாக அவருக்கே வழங்கப்பட்டது. 1961 ஜூன் 14ஆம் நாள் மறைந்தார்.

மறைந்தவரின் உழைப்பு மறையவில்லை. இன்று நம் கைப்பேசிக்குள் இருக்கும் சில்லுக்கு மூலப்பொருளான சிலிக்கான் ஒரு குறைகடத்தி. அதன்மீது லேசர் ஒளியைச் செலுத்தினால், சிதறும் ஒளியில் ஒரு பகுதி, சென்டிமீட்டருக்குச் சுமார் 520 என்னும் அலை எண் அளவு விலகி வருகிறது. சிலிக்கான் அணுக்கள் படிகத்துக்குள் அதிரும் அதிர்வின் முத்திரை அது. சில்லு இறுக்கத்தில் இருந்தால் அந்த எண் சற்றே நகரும். அதைக் கொண்டு குறையைக் கண்டுபிடிக்கிறார்கள். கிராஃபைட்டின் ஓர் அணு கனமுள்ள ஒற்றை அடுக்கே கிராஃபீன். அதன் ஆய்வுக்கு 2010இல் நோபல் பரிசு கிடைத்தது. கையிலிருப்பது ஒற்றை அடுக்கா, பல அடுக்கா என்று அறிய இன்று பெரிதும் பயன்படுவது இராமன் நிறமாலை. கிருஷ்ணன் இளமையில் கண்ணால் கண்ட ஒளியும், பின்னாளில் அளந்த கிராஃபைட்டும் இங்கே ஒன்று சேர்கின்றன.

இக்கட்டுரையை எழுதி முடித்த இரவில் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். குவாண்டம் அவருக்குப் புரியவில்லை. ஆனால் பரிசு வராதபோதும் அந்த மனிதர் வேலையை விடவில்லையா என்று கேட்டார். விடவில்லை அம்மா, அடுத்த வேலைக்குப் போய்விட்டார் என்றேன். உப்பு வாரிய பாத்தியில் மறுபடியும் தண்ணீர் கட்டத்தானே வேண்டும் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார்.

தோழர்களே, நான் படிப்பை நிறுத்தவில்லை. அடுத்த ஆண்டு திடநிலை இயற்பியல் பாடம் வருகிறது. அதற்காகக் காத்திருக்கிறேன்.