கற்றதைக் கற்பித்த மருத்துவர் டேனியல் ஹேல் வில்லியம்ஸ்

இவ்வெள்ளி விழா மலரைக் கையிலேந்தும் நம் இளைஞர்க்கு ஒரு மருத்துவரின் வாழ்வை எடுத்துரைக்க விழைகின்றோம். அவர் அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே தோன்றியவர். ஓர் ஆசான் தம்மைக் கைதூக்கி விட்டதைப் போலவே தாமும் பலரைக் கைதூக்கி விட்டவர்.

டேனியல் ஹேல் வில்லியம்ஸ் 1856 சனவரி 18-ஆம் நாள் பென்சில்வேனியா மாநிலத்து ஹாலிடேஸ்பர்க் என்னும் ஊரில் பிறந்தார். முடிதிருத்தும் தொழில் செய்துவந்த தந்தையாரைச் சிறு வயதிலேயே இழந்தார். பால்டிமோரில் காலணி தைப்பவரிடம் தொழில் பழக விடப்பட்டார். பின்னர் விஸ்கான்சின் மாநிலத்து ஜேன்ஸ்வில் நகரில் முடிதிருத்தும் கடையில் உழைத்துக்கொண்டே படித்தார்.

அந்நகரில் ஹென்றி பால்மர் என்னும் புகழ்பெற்ற வெள்ளை மருத்துவர் இருந்தார். அக்காலத்தில் கல்லூரிக்குச் செல்லுமுன் ஒரு மருத்துவரிடம் உடனிருந்து பழகுவது வழக்கம். பால்மர் இவரை மாணாக்கராக ஏற்று இரண்டாண்டுகள் பயிற்றினார். அப்பயிற்சியின் துணையால் வில்லியம்ஸ் சிகாகோ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1883-இல் பட்டம் பெற்றார்.

பட்டம் கிடைத்தது, ஆனால் மருத்துவமனைக் கதவுகள் கறுப்பின மருத்துவர்க்குப் பெரும்பாலும் அடைத்தே கிடந்தன. நோயாளியின் கட்டிலருகே மூத்தோர் செய்வதைக் கண்டு கற்காத மருத்துவரின் கை எங்ஙனம் தேறும்? அக்குறை இறுதியில் ஏழை நோயாளியின் உயிரையன்றோ வாங்கும்! எம்மா ரெனால்ட்ஸ் என்னும் கறுப்பினப் பெண்ணைச் செவிலியர் பள்ளிகள் ஏற்க மறுத்தபோது, வில்லியம்ஸ் புதிய வழி கண்டார். மக்கள் தந்த நன்கொடைகளைக் கொண்டு 1891-இல் 12 படுக்கைகளுடன் பிராவிடன்ட் மருத்துவமனையையும் அதனோடு செவிலியர் பள்ளியையும் நிறுவினார். அங்கு இரு இனத்து மருத்துவரும் ஒருங்கே பணிபுரிந்தனர். இரு இனத்து நோயாளரும் சிகிச்சை பெற்றனர்.

1893 சூலையில், மார்பில் கத்திக்குத்துப்பட்ட ஜேம்ஸ் கார்னிஷ் அங்குக் கொணரப்பட்டார். எக்ஸ்-ரே இல்லை, நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் இல்லை. மருத்துவர் சிலர் சூழ்ந்து நிற்க, வில்லியம்ஸ் மார்பைத் திறந்து இதயத்தைச் சூழ்ந்த உறையைத் தைத்தார். 51 நாள்களில் நலமுற்று வெளியேறிய கார்னிஷ், மேலும் இருபதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். இத்தகைய சிகிச்சையை 1891-இலேயே செயின்ட் லூயிஸ் நகரில் ஹென்றி டால்டன் செய்திருந்தார். ஆதலின் இதுவே முதலாவது என்று நாம் கூறோம். வில்லியம்ஸின் பெருமைக்கு அம்மிகை தேவையுமில்லை.

1894 முதல் 1898 வரை வாஷிங்டன் ஃபிரீட்மென்ஸ் மருத்துவமனையின் தலைமை அறுவை மருத்துவராக இருந்து, செவிலியர் பயிற்சியையும் இளம் மருத்துவர் பயிற்சியையும் செம்மைப்படுத்தினார். 1895-இல் கறுப்பின மருத்துவர்க்கெனத் தேசிய மருத்துவச் சங்கம் அமைத்தோருள் இவரும் ஒருவர். நாஷ்வில் நகரத்து மெஹாரி மருத்துவக் கல்லூரிக்கு ஆண்டுதோறும் சென்று, ஊதியம் பெறாது, மாணவர் கண்முன்னே அறுவைச் சிகிச்சை செய்து கற்பித்தார்.

கருத்து வேறுபாடுகளால் 1912-இல், தாம் வளர்த்த பிராவிடன்டை விட்டே விலக நேர்ந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி தோன்றியபோது, அதன் தொடக்க உறுப்பினருள் இவர் ஒருவரே கறுப்பினத்தவர். 1931 ஆகஸ்டு 4-ஆம் நாள் மறைந்தார்.

இளைஞர்களே! கல்லூரியில் இடம் பெறுவது பாதி வழியே. உள்ளே நுழைந்தபின் ஐயம் கேட்கவும், பிழை திருத்தவும், கைபிடித்துக் காட்டவும் ஒரு மூத்தவர் வேண்டும். நம்மிடையே மருத்துவராக உயர்ந்தோர் ஒவ்வொருவரும் ஒரு மாணவரையேனும் தம் பொறுப்பில் ஏற்க வேண்டுகின்றோம். அதனால் வாழப்போவது அம்மாணவர் மட்டுமல்லர். நாளை அவர் கையை நம்பிப் படுக்கும் நோயாளியும் ஆவார்.