மாளிகையிடம் கற்ற கலைஞர்

மதுரையில் இன்று நாம் வியந்து காணும் திருமலை நாயக்கர் மகால், 1636ஆம் ஆண்டில் எழுந்த பேரரண்மனையின் எஞ்சிய பகுதியே ஆகும். திருமலை மன்னரின் பெயரர் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றியபோது, அரண்மனையின் பல பகுதிகளைப் பிரித்து எடுத்துச் சென்றார். ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே மதுரையில் நின்றது. அதுவும் மழைக்கும் வெயிலுக்கும் இலக்காகிச் சிதைந்துவந்தது. அதனை மீட்டெடுத்த கட்டடக் கலைஞர் இராபர்ட் சிசோம் ஆவார்.

இலண்டனில் பிறந்த சிசோம், வங்காளப் பொதுப்பணித் துறையில் பணியாற்றியவர். சென்னை மாநிலக் கல்லூரிக்கும் பல்கலைக்கழகப் பேரவை இல்லத்துக்கும் வரைபடம் கோரி 1864ஆம் ஆண்டு நடைபெற்ற போட்டியில் வென்று சென்னைக்கு வந்தார். 1870இல் திறக்கப்பட்ட மாநிலக் கல்லூரிக் கட்டடத்தை அவர் இத்தாலியப் பாணியிலேயே அமைத்தார். இம்மண்ணின் கட்டடக் கலை அப்போது அவர் கைகளில் இன்னும் குடியேறவில்லை.

1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக விளங்கிய நேப்பியர் பிரபு, மதுரை மகாலைச் சீரமைக்க ஆணையிட்டார். பணி சிசோமிடம் வந்தது. சிதைந்ததை இடித்துவிட்டுப் புதிதாய் எழுப்புவது எளிது. நிற்பதைச் சாயாமல் காப்பதற்கோ, அதனைக் கட்டியவரின் அறிவைக் கற்றாக வேண்டும். பெருந்தூண்களும், அவற்றின்மீது செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பிய வளைவுகளும் குவிமாடங்களும் அவருக்குப் பாடநூலாயின. சீர்பெற்ற மகாலில் பின்னர் நீதிமன்றங்கள் இயங்கின. மக்கள் நடமாட்டமும் அக்கட்டடத்தை வாழவைத்தது.

கற்ற பாடம் அவருடைய படைப்புகளில் வெளிப்பட்டது. 1874 முதல் 1879 வரை சென்னைக் கடற்கரையோரம் எழுந்த பேரவை இல்லம், குவிமாடம் சூடிய கோபுரங்களோடு இந்திய மரபைத் தழுவி நின்றது. 1880இல் நிறைவுற்ற திருவனந்தபுரம் நேப்பியர் அருங்காட்சியகத்தில் கேரளத் தச்சுக்கலையின் சரிந்த கூரைகளும் மர வேலைப்பாடுகளும் இடம்பெற்றன. சென்னைக் கலைத்தொழிற்பள்ளியின் கண்காணிப்பாளராகவும் பணியாற்றிய சிசோம், 1915இல் மறைந்தார்.

காலம் பின்னர் அவர் கட்டிய பேரவை இல்லத்தையும் தளர்த்தியது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் 150ஆம் ஆண்டையொட்டி அதுவும் சீரமைக்கப்பட்டது. முன்னோர் மாளிகையைக் காத்தவரின் மாளிகையைப் பின்னோர் காத்தனர். நம் ஊரின் பழைய மண்டபமோ சத்திரமோ இடிக்கப்படும்போது, கல்லோடும் சாந்தோடும் சேர்ந்து அவற்றைக் கட்டிய அறிவும் மறைகிறது. அதனை மீளக் கற்பிக்க வேறோர் ஆசிரியர் இல்லை.