பாட்டில் கடைப் பையன் கொடுத்த ஆஸ்பத்திரி

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் நள்ளிரவு, கால் முறிந்த நம் ஊர்க்காரர் ஒருவரை மும்பை பைகுல்லாவில் உள்ள ஜே.ஜே. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். வெளியே காத்திருந்தபோது, கூட வந்த தாராவி நண்பர், ஜே.ஜே. என்பது யார் பெயர் என்று கேட்டார். இந்த ஊரில் பன்னிரண்டு வருடம் ரெயில்வேயில் குப்பை கொட்டியும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வெட்கமாகிவிட்டது. பிறகுதான் தேடிப் படித்தேன்.

அவர் பெயர் ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாய். 1783ல் ஏழைப் பார்சி குடும்பத்தில் பிறந்தவர். 16 வயதுக்குள் தாய், தந்தை இருவரையும் இழந்தார். பம்பாயில் இருந்த மாமன் காலி பாட்டில் வியாபாரி. அந்தக் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தார். நம்மவர்களைப் போலவே, 1803ல் மாமன் மகள் ஆவாபாயையே மணந்தார்.

பிறகு கப்பலேறிச் சீனாவுக்கு வியாபாரத்துக்குப் போனார். 1805ல் இலங்கைக் கடலில் பிரெஞ்சுக்காரர்கள் அவர் சென்ற கப்பலைப் பிடித்துக்கொண்டார்கள். சரக்கெல்லாம் போயிற்று. தென்னாப்பிரிக்க முனையில் கொண்டுபோய் விட்டார்கள். அந்தக் கப்பலின் டாக்டர் வில்லியம் ஜார்டின் என்ற ஆங்கிலேயக் கம்பெனி ஊழியர். இருவரும் சிநேகிதர்கள் ஆனார்கள். பின்னாளில் சீன வியாபாரத்தில் இருவருமே கோடீசுவரர்கள் ஆனது இந்தச் சிநேகத்தால்தான்.

என்ன வியாபாரம்? பருத்தி, அதோடு அபின். மாளவத்து அபின் பம்பாய்த் துறைமுகத்திலிருந்து சீனாவுக்குப் போயிற்று. அங்கே எத்தனையோ குடும்பங்கள் அதனால் நாசமாயின. கொடை வள்ளல் என்று மட்டும் எழுதிவிட்டு இதை விழுங்கிவிட என் மனம் ஒப்பவில்லை. அந்தப் பணத்திலிருந்துதான் 1838ல், ஏழைகளுக்கு ஆஸ்பத்திரி கட்ட ஒரு லட்சம் ரூபாய் தர முன்வந்தார். சர்க்காரும் தன் பங்கைப் போட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். 1843ல் அஸ்திவாரம் போடப்பட்டது. 1845ல் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது.

அதே ஆண்டு, பக்கத்திலேயே கிராண்ட் மருத்துவக் கல்லூரியும் தொடங்கியது. 1838ல் காலமான கவர்னர் ராபர்ட் கிராண்டின் பெயர் அதற்கு. மாணவர்கள் இந்த ஆஸ்பத்திரியின் நோயாளிகளிடமே தொழில் பழகினார்கள். பைகுல்லா மியூசியத்துக்குப் பெயர் தந்த டாக்டர் பாவு தாஜி அதன் முதல் மாணவர்களில் ஒருவர். பிளேக் ஊரைக் காலி செய்துகொண்டிருந்தபோது, ஹாஃப்கின் தடுப்பூசி கண்டதும் அந்தக் கல்லூரிக் கட்டடத்தில்தான். 1897 ஜனவரியில் முதலில் தம் உடம்பிலேயே அதைக் குத்திக்கொண்டார்!

மாஹிமுக்கும் பாந்திராவுக்கும் நடுவே உள்ள பாலம் ஆவாபாய் அம்மாளின் கொடை. படகுகள் கவிழ்ந்து பலர் மாண்டதைக் கண்டு, 1,57,000 ரூபாய் கொடுத்தார். அதுவும் 1845ல் திறக்கப்பட்டதே. மாஹிமில் தினமும் நாம் பஸ்ஸில் போகும் லேடி ஜாம்ஷெட்ஜி ரோடு அவர் பெயரில்தான் இருக்கிறது.

இந்தியர்களில் முதல் சர் பட்டம் 1842ல் ஜாம்ஷெட்ஜிக்குக் கிடைத்தது. 1859 ஏப்ரலில் காலமானார். நம் ஊர்க்காரர் இப்போது நன்றாக நடக்கிறார். தாராவி நண்பருக்குப் பதில் சொல்லியாகிவிட்டது.