ரிப்பேர் கடையிலிருந்து வந்த சி.ஆர்.ஓ

லேப்ல அலை திரையில நிக்காம ஓடினா என்ன பண்ணுவீங்க? ட்ரிக்கர் நாபைத் திருகுவீங்க, அலை அப்படியே நிக்கும். இந்த வசதியை நம்பி வேலை செய்யுற அளவுக்குக் கொண்டு வந்தவர்களில் முக்கியமானவர் ஹோவர்ட் வோலம்.

1913-ல் அமெரிக்காவின் போர்ட்லாண்டில் பிறந்தார். ரீட் கல்லூரியில் இயற்பியல் படிக்கும்போதே தன் கையால ஓர் ஆஸிலோஸ்கோப் செஞ்சவர். 1936-ல் பட்டம் வாங்கினார். அது பொருளாதார மந்த காலம். ஜாக் மர்டாக் என்பவரின் கடையில் ரேடியோ ரிப்பேர் பார்த்தார். இரண்டாம் உலகப்போரில் ராணுவத்தின் சிக்னல் பிரிவில் சேர்ந்து, இங்கிலாந்து போய் ரேடார் வேலை செய்தார்.

போர் முடிஞ்சதும் 1946-ல் மர்டாக்கோடும் இன்னும் இரண்டு பேரோடும் டெக்ட்ரானிக்ஸ் கம்பெனியை ஆரம்பிச்சார். அடுத்த வருஷமே 511 என்ற மாடல் வந்தது. 10 மெகாஹெர்ட்ஸ், விலை 795 டாலர்.

ஆனா நான் சொல்ல வந்தது வேற. இந்தக் கம்பெனியின் பழைய ஸ்கோப்பைத் திறந்து பார்த்தா, ரிப்பேர் பண்ணப் போறவனை நினைச்சே கட்டியிருக்காங்கன்னு தெரியும். 1950-களின் மாடல்களில் பாகங்களை வரிசையா செராமிக் பட்டைகளில் சால்டர் பண்ணியிருப்பாங்க. அந்தப் பட்டையில் வெள்ளிப் பூச்சு உண்டு. சாதாரண ஈயத்தை வச்சா அது வெள்ளியைக் கொஞ்சம் கொஞ்சமா கரைச்சுடும், பிடிப்பு போயிடும். அதனால வெள்ளி கலந்த சால்டரையே ஒரு சின்ன சுருளா உள்ளேயே மாட்டி அனுப்பினாங்க! மேனுவலில் முழு சர்க்யூட்டும் இருக்கும், எந்த இடத்தில் எத்தனை வோல்ட் வரணும் என்பதும் இருக்கும். தூசி சேர்ந்தா மென்மையான சோப்புத் தண்ணியில கழுவி, குறைஞ்ச சூட்டில் நல்லா காய வைப்பாங்க. (நீங்க உடனே பைப்படிக்குத் தூக்கிட்டுப் போயிடாதீங்க. மேனுவலைப் படிக்கணும். பிளக்கைப் பிடுங்கின பிறகும் கெப்பாசிட்டரில் ஆளைத் தூக்கி அடிக்கிற சார்ஜ் நிக்கும்.)

வோலம் 1986-ல் இறந்தார். அவர் காலத்து ஸ்கோப்புகளை இன்னிக்கும் ஆர்வலர்கள் துடைச்சு, கெப்பாசிட்டர் மாத்தி ஓட்டுறாங்க.

நாளைக்கு நீங்களும் ஏதாவது டிசைன் பண்ணுவீங்க. மூடியை ஒட்டி மூடுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிங்க: இருபது வருஷம் கழிச்சு இதைத் திறக்கப் போறவனுக்கு உள்ளே என்ன வச்சிருக்கீங்க?