கடை விறாந்தையில் ஒரு மானிடவியலாளர்

மானிடவியல் என்றதும் தொலைதூரத் தீவொன்றிற் கூடாரமடித்து அந்நியரை ஆராயும் அறிஞரே நம் மனக்கண்முன் தோன்றுவர். சொந்த ஊரின் கடை விறாந்தையையே ஆய்வுக்களமாகக் கொண்ட ஒருவரைப் பற்றி இங்கு எழுத விழைகின்றேன். அவர் அமெரிக்கக் கறுப்பினத்தவரான சோரா நீல் ஹேர்ஸ்ரன் அம்மையார்.

1891 இல் அலபாமாவிற் பிறந்த அவர், கறுப்பினத்தவர் தாமே நிருவகித்த ஈற்றன்வில் என்னும் புளோரிடாச் சிற்றூரில் வளர்ந்தார். 1904 இல் தாயார் மறைந்தபின் பல இடங்களில் அலைந்தார். இருபத்தாறாம் வயதில், பத்து வயதைக் குறைத்துச் சொல்லிப் போல்ரிமோர் நகரின் இலவசப் பள்ளியிற் சேர்ந்தார். கல்வியின் பொருட்டுச் சொன்ன அப்பொய்யை நான் குற்றமெனக் கொள்ளேன். 1925 இல் நியூயோர்க்கின் பார்னாட் கல்லூரியில் அவரொருவரே கறுப்பின மாணவி. பேராசிரியர் பிரான்ஸ் போவாஸ் அவரை மானிடவியலுக்கு ஈர்த்தார்.

அக்காலத்தில் தென்மாநிலக் கறுப்பினத்தவர் இலட்சக்கணக்கில் வடநகரங்களுக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்தனர். அம்மையாரோ 1927 இல் கதைகளைத் திரட்டவென எதிர்த்திசையிற் பயணமானார். மரம் அரியும் முகாம்களிலும் ஈற்றன்வில் கடை விறாந்தையிலும் கேட்டவை 1935 இல் நூலாயின. கோவேறு கழுதைகளும் மனிதரும் என்பது அதன் பெயர்.

அக்கழுதை 1937 இல் வந்த அவரது நாவலிலும் வருகின்றது. எலும்புந் தோலுமான கிழக் கழுதையொன்றை ஊரார் சீண்டி வதைத்து மகிழ்கின்றனர். கதைத்தலைவி ஜேனி அது பொறாது தனக்குள் முணுமுணுக்கின்றாள். அதைக் கேட்ட கணவன், ஊரின் மேயர், ஐந்து டொலருக்குக் கழுதையை வாங்கி ஓய்வு கொடுக்கின்றான். ஊர் அவனைப் புகழ்கின்றது. விலங்குக்கு இரங்கிய அவனே, மனைவி விறாந்தைக்கு வந்து கதை பேசுவதை விலக்குகின்றான். கழுதை இறந்து, ஊரே திரண்டு அதற்கு வேடிக்கையாக ஈமச்சடங்கு நடத்தியபோதும் அவள் போகக்கூடாது. அடிமையாய்ப் பிறந்த அவள் பாட்டி, பெண்ணின் வாழ்வைச் சுமைக்கழுதையின் வாழ்வோடு முன்னமே ஒப்பிட்டிருந்தாள். இந்நாவலிற் சமூகக் கருத்தில்லை என்று எழுத்தாளர் றிச்சட் றைற் சாடினார். அந்தக் கழுதையை அவர் கவனித்தாரோ என்பது என் ஐயம்.

1960 இல், போட் பியர்ஸ் நகரின் வறியோர் இல்லமொன்றில் அம்மையார் காலமானார். பெயர் பொறியாத புதைகுழிக்கு 1973 இல் எழுத்தாளர் அலிஸ் வோக்கர் கல் நாட்டினார். இறப்பின்பின் அவரது தாள்களை எவரோ தீயிலிட்டபோது, அவரை அறிந்த காவல் அதிகாரியொருவர் தீயை அணைத்து அவற்றை மீட்டார். ஓரங்கருகிய அத்தாள்கள் புளோரிடாப் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன.