மீனுக்காக வழக்காடிய மருத்துவர்

நெல்லுக்குப் பெயர் பெற்ற தஞ்சைத் தரணியிலே வாழும் நாம், காவிரியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் கரிகாலனையும் கல்லணையையும் பேசுவோம். கொள்ளிடத்தின் குறுக்கே 1836இல் மேலணையையும் கீழணையையும் கட்டிய ஆர்தர் காட்டனை நன்றியோடு நினைப்போம். ஆனால் அந்த ஆற்றின் மீன்களுக்காக வாதாடிய ஒருவரை நம்மில் பலர் அறியோம். மீனியல் அறிஞர் இன்றும் போற்றும் டாக்டர் பிரான்சிஸ் டே என்பவரே அவர்.

டே, 1829ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆம் நாள் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் மேரஸ்ஃபீல்டு என்னும் ஊரில் பிறந்தார். இலண்டனில் மருத்துவம் பயின்று, 1852இல் சென்னை மாகாணப் படையின் மருத்துவரானார். கொச்சியில் பணியாற்றியபோது, நோயாளிகளைக் கவனித்த நேரம் போக, மீன் சந்தைகளிலும் உப்பங்கழிகளிலும் அலைந்து மீன்களைச் சேகரித்தார். அதன் பயனாக மலபார் மீன்களைப் பற்றிய அவருடைய நூல் 1865இல் வெளிவந்தது.

அக்காலத்தில் உதகையில் வாழ்ந்த ஆங்கிலேயருக்கு ஒரு குறை இருந்தது. நீலகிரியின் ஓடைகள் அவர்கள் நாட்டு ஓடைகளைப் போலவே குளிர்ந்து தெளிந்து ஓடின. ஆனால் அவற்றில் டிரவுட் மீன் இல்லை. டிரவுட்டைத் தூண்டிலில் பிடிப்பதை அவர்கள் ஒரு கலையாகவே போற்றினர். அக்கலையின் உயிர்நாடி, மண்புழுவன்று, செயற்கைப் பூச்சி!

இதைச் சற்று விளக்குவோம். இங்கிலாந்தின் ஓடைகளில் மே மாத இறுதியில் பெரிய நீர்ப்பூச்சிகள் கூட்டங்கூட்டமாய் வெளிவரும். மேப்பூச்சி என்று அவற்றுக்குப் பெயர். ஓராண்டு, ஈராண்டு என ஆற்றுச் சேற்றுக்குள் வாழ்ந்து, சிறகு முளைத்தபின் உணவே உண்ணாமல், நம் ஊர் மழைக்கால ஈசலைப் போல ஓரிரு நாளில் மடிந்துவிடும். அவற்றை விழுங்க டிரவுட் நீர்மட்டத்துக்கு வரும். எனவே தூண்டிற்காரர் முள்ளின்மேல் பட்டு நூலைச் சுற்றி, வைக்கோலால் உடலும், நீண்ட இறகின் மூன்று இழைகளால் வாலும், வாத்தின் மார்பு இறகால் சிறகும் அமைப்பர். சேவலின் கழுத்து இறகு ஒன்றைச் சுற்றிக் கட்டினால் அது பூச்சியின் கால்களைப் போல் விரிந்து, முள்ளை நீரில் மிதக்க வைக்கும். பூச்சியின் இயல்பை நுணுகி அறிந்தவருக்கே இது கைவரும். தென்னிந்தியக் காட்டுக்கோழியின் புள்ளியிட்ட கழுத்து இறகு இக்கலைஞரிடையே உலகப் புகழ் பெற்றது. அந்தப் புகழே அப்பறவைக்கு எமனும் ஆனது. இன்று 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் அதைக் காக்கிறது.

நீலகிரி ஓடைகளில் டிரவுட்டைக் குடியேற்ற 1860களில் டே முயன்றார். கப்பற்பயணத்தின் வெப்பம் அவருக்குப் பகையாயிற்று. குளிர்நீரில் வளர வேண்டிய முட்டைகள் வெப்பக் கடல்களைக் கடந்து உயிரோடு வந்துசேர்வது எளிதன்று. முயற்சி தோற்றது. ஆனால் டே சோர்ந்துவிடவில்லை.

1867இல் ஆர்தர் காட்டனே ஓர் ஐயத்தை எழுப்பினார். ஆறுகளின் குறுக்கே கட்டிய அணைகளால் மீன்வளம் குன்றுகிறதோ என்பதே அந்த ஐயம். தாம் கட்டியதன் குறையைத் தாமே ஆராயச் சொன்ன அந்த மனிதரின் பெருந்தன்மையை இங்கே போற்றாமல் இருக்க முடியாது. ஆய்வுப் பொறுப்பு டேயிடம் வந்தது. கொள்ளிடக் கரையில் அவர் கண்டது என்ன? உள்ளம் என்று நாம் சொல்லும் மீன், வங்காளத்தார் இலிஷ் என்று கொண்டாடும் அதே மீன், கடலில் வாழ்ந்தாலும் முட்டையிடப் புதுவெள்ளத்தில் ஆற்றை எதிர்த்து ஏறி வரும். அணை அதன் வழியை மறித்தது. மேலே செல்ல இயலாமல் சுவரடியில் திரண்ட மீன்களை மக்கள் எளிதில் வாரி எடுத்தனர். வயல் மடைகளில் வைத்த பொறிகள் சிறு குஞ்சுகளையும் விட்டுவைக்கவில்லை.

1871இல் இந்தியாவின் மீன்வளத் தலைமை ஆய்வாளரான டே, பல மாவட்ட அதிகாரிகளிடமும் செய்தி திரட்டி, 1873இல் தம் அறிக்கையை வெளியிட்டார். அணைகளில் மீன் ஏற வழி விட வேண்டும். வலைக்கண் சிறுத்துவிடக் கூடாது. இனப்பெருக்கக் காலத்தில் மீனைக் காக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். வருமானமும் வழக்கமும் தடுத்தமையால் அவர் சொன்னவை உடனே நிறைவேறவில்லை.

அவருடைய இல்வாழ்விலும் துயர் குறைவில்லை. இருமுறை மணந்து, இருமுறையும் மனைவியை இழந்தார். ஆயினும் எழுதுகோலைக் கீழே வைக்கவில்லை. 1875 முதல் 1878 வரை இந்திய மீன்களைப் பற்றிய பெருநூலைப் படங்களோடு வெளியிட்டார். ஓய்வுபெற்றுத் தாயகம் சென்றபின், ஸ்காட்லாந்தின் ஹௌவிடவுன் பண்ணையில், முன்பு தமக்குப் பிடிகொடாத டிரவுட்டையே ஆராய்ந்து 1887இல் நூல் எழுதினார்! 1,400க்கும் மேற்பட்ட மீனினங்களை விவரிக்கும் இரு தொகுதிகள் 1889இல் வெளிவந்தன. அவ்வாண்டு சூலை 10ஆம் நாள் செல்ட்டனம் நகரில் புற்றுநோயால் மறைந்தார்.

அவர் விதைத்தவை பின்னரே முளைத்தன. வெடிவைத்தும் நஞ்சிட்டும் மீன் பிடிப்பதைத் தடுக்கும் சட்டம் 1897இல் வந்தது. 1907இல் நீலகிரியின் அவலாஞ்சியில் டிரவுட் குஞ்சுப் பண்ணை எழுந்தது. அங்கே டிரவுட் நிலைத்தது. ஆனால் கொள்ளிடத்து உள்ளம் மீனுக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை. 1934இல் மேட்டூர் அணை எழுந்தபின் அதன் வரவு மேலும் அருகிப் போயிற்று.

பொழுதுபோக்குக்காக வரவழைத்த மீன் மலையிலே வாழ்கிறது. ஏழையின் குழம்புக்கு உதவிய மீனோ ஆற்றிலே அருகிவிட்டது. இதை எண்ணும்போது நமக்கு நெஞ்சம் கனக்கிறது. அணை வேண்டாம் என்று டே சொல்லவில்லை. நெல்லும் விளையட்டும், மீனும் ஏறட்டும் என்றே வழி தேடினார். தோழியரே, நாளை நம்மில் சிலர் பொறியாளராவோம், சிலர் அதிகாரிகளாவோம். ஆற்றின் குறுக்கே எதைக் கட்டினாலும், வாய் பேசாத உயிர்களுக்கும் ஒரு வழி விட்டோமா என்று கேட்கும் மனம் நமக்கு வாய்க்கட்டும்.