நகரம் கண்ட சுருக்கெழுத்தாளர் எபனேசர் ஹோவர்டு

வீடு கட்டுவது ஒருவன் செயல். ஊர் கட்டுவது பலர் செயல். நான்கு சுவரும் ஒரு கூரையும் எழுப்பிவிட்டால் வீடு வந்துவிடும். ஆனால் அவ்வீட்டுக்குக் குடிநீர் எங்கிருந்து வரும்? கழிவுநீர் எங்கே போகும்? அங்கே வாழ்வோர் வேலைக்கு எவ்வழியே செல்வர்? குழந்தைகள் எங்கே படிப்பர்? இக்கேள்விகளுக்கு விடை காணாமல் கட்டப்படும் ஆயிரம் வீடுகள், ஆயிரம் வீடுகளாகவே நிற்குமன்றி ஓர் ஊராகா. இந்த உண்மையை உலகுக்கு உணர்த்தியவர் பெரிய பொறியியல் அறிஞரும் அல்லர். கட்டடக் கலைஞரும் அல்லர். அரசியல் தலைவரும் அல்லர். பிறர் பேசியதைச் சுருக்கெழுத்தில் எழுதிக் கொடுத்து வயிறு வளர்த்த ஓர் எளிய மனிதர். அவரே எபனேசர் ஹோவர்டு.

பிறப்பும் இளமையும்

ஹோவர்டு 1850ஆம் ஆண்டு சனவரி 29ஆம் நாள் இலண்டன் மாநகரின் நடுப்பகுதியில், ஒரு சிறு மிட்டாய்க் கடைக்காரரின் மகனாகப் பிறந்தார். அவர் பிறந்த காலத்தில் இலண்டனின் மக்கள்தொகை ஏறத்தாழ 23 இலட்சம். மக்கள் பெருகினர், வீடுகள் பெருகின, ஆனால் சாக்கடை பெருகவில்லை. கழிவெல்லாம் தேம்சு ஆற்றில் கலந்தது. அந்த ஆற்று நீரையே மக்கள் குடித்தனர். 1854இல் காலரா நோய் நகரைச் சூறையாடியது. 1858ஆம் ஆண்டுக் கோடையில் ஆற்றிலிருந்து எழுந்த நாற்றம் பாராளுமன்றத்திலேயே உறுப்பினர்களை உட்காரவிடவில்லை. அதற்குப் பிறகுதான் பேசல்கெட் என்ற பொறியாளரிடம் மாபெரும் பாதாளச் சாக்கடை அமைக்கும் பணி ஒப்படைக்கப்பட்டது. முதலில் குடி, பின்னர் கொள்ளைநோய், அதற்கும் பின்னரே சாக்கடை என்பதுதான் அன்றைய நகர வளர்ச்சியின் வரிசை. அப்போது ஹோவர்டு எட்டு வயதுச் சிறுவர்.

நாட்டுப்புறப் பள்ளிகளில் தங்கிப் பயின்ற அவர் 15ஆம் வயதில் படிப்பை நிறுத்தினார். பங்குத் தரகர் அலுவலகத்தில் எழுத்தரானார். பிட்மன் சுருக்கெழுத்தைத் தாமே கற்றுத் தேர்ந்தார். அக்கலைதான் பிற்காலத்தில் அவருக்குச் சோறு போட்டது.

அமெரிக்கா அளித்த பாடம்

1871இல், தம் 21ஆம் வயதில், நண்பர் இருவருடன் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். நெப்ராசுகா மாநிலத்தில் 160 ஏக்கர் நிலம் பெற்று உழவராக முயன்றார். நகரத்தில் வளர்ந்த கைகளுக்கு ஏர் பிடிபடவில்லை. முதலாண்டே முயற்சி தோற்றது. சிகாகோ நகருக்குச் சென்று மீண்டும் சுருக்கெழுத்தையே நாடினார்.

சிகாகோ அப்போது வெந்து தணிந்த நகரம். 1871 அக்டோபரில் மூண்ட பெருந்தீயில் ஏறத்தாழ ஓர் இலட்சம் மக்கள் வீடிழந்திருந்தனர். சாம்பலின்மீது புதிய நகரம் எழுவதை ஹோவர்டு நாள்தோறும் கண்டார். நகரம் என்பது தானே முளைக்கும் காளான் அன்று. மனிதன் எண்ணி அமைக்கக்கூடிய ஒன்று என்ற விதை அவர் உள்ளத்தில் அங்கேதான் விழுந்திருக்க வேண்டும். உழவில் தோற்றதும் வீண்போகவில்லை. கிராம வாழ்வின் தனிமையையும் வறுமையையும் அவர் ஏட்டில் படித்து அறிந்தவரல்லர், பட்டு அறிந்தவர்.

1876இல் தாயகம் திரும்பிய அவர், பாராளுமன்ற நடவடிக்கைகளைக் குறிப்பெடுக்கும் நிறுவனத்தில் சேர்ந்தார். 1879இல் எலிசபெத் என்னும் நங்கையை மணந்தார். நான்கு மக்கள் பிறந்தனர். வருவாயோ கட்டுமட்டு. அதிலும் ஒரு பகுதியைப் புதுவகைச் சுருக்கெழுத்து எந்திரம் ஒன்றை உருவாக்கும் முயற்சியில் வாழ்நாள் முழுதும் செலவிட்டு வந்தார்.

வீட்டுப் பஞ்சம் பற்றியும் உழவர் நகரத்துக்குப் படையெடுப்பது பற்றியும் பாராளுமன்றக் குழுக்கள் பேசிய பேச்சுகளையெல்லாம் அவர் கை எழுதிக்கொண்டே இருந்தது. எல்லாக் கட்சியினரும் நோயைச் சொன்னார்கள். மருந்தைச் சொன்னவர் அரியர். 1888இல் எட்வர்டு பெல்லமி என்ற அமெரிக்கர் வருங்காலச் சமுதாயத்தைக் கற்பனை செய்து எழுதிய புதினம் அவர் கைக்குக் கிட்டியது. நிலத்தின் மதிப்பு உயர்வு சமுதாயத்துக்கே உரியது என்ற என்றி சார்சின் கருத்தும் அவரைக் கவர்ந்தது. பத்தாண்டு சிந்தித்தார். வெளியிடுவோர் கிடைக்காத நிலையில் நண்பர் ஒருவர் உதவிய 50 பவுனைக் கொண்டு 1898இல் தம் நூலை வெளியிட்டார். 1902இல் ‘நாளைய தோட்ட நகரங்கள்’ என்னும் பொருள்படும் புதுப்பெயருடன் அது மறுபதிப்பு பெற்றது.

மூன்று காந்தங்கள்

அந்நூலில் அவர் மூன்று காந்தங்களைப் படமாக வரைந்து காட்டினார். முதற்காந்தம் நகரம். அங்கே வேலையுண்டு, கேளிக்கையுண்டு. நெரிசலும் புகையும் மிகு வாடகையும் உண்டு. இரண்டாவது நாட்டுப்புறம். அங்கே காற்றுண்டு, கதிரொளியுண்டு. வேலையும் கூட்டுறவும் இல்லை. இவ்விரண்டின் நலங்களையும் ஒன்று சேர்த்து, தீமைகளை விலக்கிய மூன்றாவது காந்தமே தோட்ட நகர்.

அதன் அளவையும் அவர் கணக்கிட்டார். மொத்த நிலம் 6,000 ஏக்கர். நடுவே 1,000 ஏக்கரில் நகரம். சுற்றிலும் 5,000 ஏக்கர் விளைநிலம். மக்கள் 32,000 பேர். நடுவில் பூங்காவும் பொதுக் கட்டடங்களும், அடுத்து வீடுகள், 420 அடி அகலமுள்ள பசுஞ்சாலையில் பள்ளிகள், ஓரத்தில் தொழிற்சாலைகள், அவற்றைத் தொட்டுச் செல்லும் இருப்புப்பாதை. நகர் நிரம்பிவிட்டால் விளைநிலத்தை விழுங்கலாகாது. அதற்கு அப்பால் இன்னொரு நகரை எழுப்பி, இரயில் பாதையால் இணைக்க வேண்டும்.

வெற்று நிலத்தில் நகர் அமைப்பதால் விளையும் பெருநன்மை ஒன்றையும் அவர் சுட்டினார். வீதி போடும்போதே அதனடியில் சுரங்க வழி அமைத்துக் கழிவுநீர், குடிநீர், எரிவாயு, மின்சாரம் ஆகியவற்றுக்கு இடம் ஒதுக்கிவிடலாம். போட்ட சாலையைக் குடிநீருக்காக ஒருமுறை, சாக்கடைக்காக ஒருமுறை, மின்கம்பிக்காக ஒருமுறை என்று மீண்டும் மீண்டும் தோண்டும் வேதனை இல்லை.

பணம் எங்கிருந்து?

கனவு காண்போர் பலர்; கணக்குப் போடுவோர் சிலர். ஹோவர்டு இரண்டும் செய்தார். அவர் நூலின் உயிர்நிலை இக்கணக்கிலேதான் இருக்கிறது.

விளைநிலம் ஏக்கர் 40 பவுனுக்குக் கிடைக்கும். 6,000 ஏக்கருக்கு 2,40,000 பவுன். இதனை 4 விழுக்காடு வட்டிக்குக் கடனாகப் பெற்றால் ஆண்டு வட்டி 9,600 பவுன். 32,000 மக்கள் குடியேறினால் தலைக்கு ஆறு சில்லிங்குதான் வருகிறது! மக்கள் வந்து சேர்ந்ததனால்தானே நிலத்துக்கு மதிப்பு ஏறுகிறது? அந்த ஏற்றம் தனியார் பைக்குச் செல்வானேன்? நிலம் முழுவதும் பொது அறக்கட்டளையின் உடைமையாக இருக்கட்டும். தலைக்கு ஆண்டுக்கு 2 பவுன் வீதம் வாடகை செலுத்தினால் 64,000 பவுன் சேரும். வட்டிக்கு 9,600, கடன் அடைக்க 4,400 போக மீதி 50,000 பவுன் சாலைக்கும் பள்ளிக்கும் சாக்கடைக்கும் பூங்காவுக்கும் ஆகும். வேறு நகர வரி வேண்டியதில்லை. கடன் தீர்ந்தபின் முதியோருக்கு உதவித்தொகையும் தரலாம்.

புறநகரில் ஒருவர் மனை விற்று இலாபத்துடன் அகன்றுவிட, அதன்பின் நகராட்சி வரிப்பணத்தில் குழாயும் சாக்கடையும் போடத் திண்டாடும் நிலையை நினைத்துப் பார்த்தால், இக்கணக்கின் அருமை விளங்கும்.

லெட்ச்வொர்த்

1899இல் தோட்ட நகர்ச் சங்கம் தோன்றியது. நெவில் என்ற வழக்கறிஞர் தலைமை ஏற்றார். ஆலை முதலாளிகளான காட்பரியும் லீவரும் ஆதரவு அளித்தனர். 1903இல் கம்பெனி ஒன்று நிறுவப்பட்டு, இலண்டனுக்கு வடக்கே ஏறத்தாழ 35 மைல் தொலைவில் லெட்ச்வொர்த்தில் 3,818 ஏக்கர் வாங்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 9ஆம் நாள், மழையிலும் சேற்றிலும் தொடக்க விழா நடந்தது.

அன்வின், பார்க்கர் என்ற இரு கட்டடக் கலைஞர்கள் நகருக்கு வரைபடம் தந்தனர். ஏக்கருக்கு 12 வீடுகளுக்கு மேல் கூடாது என்பது அன்வினின் கொள்கை. சாலை, குடிநீர், கழிவுநீர் வழி, எரிவாயு, மின்சாரம் ஆகியவற்றைக் கம்பெனியே ஏற்று நடத்தியது. 1905இல் 150 பவுன் செலவில் அடங்கும் குடிசை வீடுகளுக்குப் போட்டிக் கண்காட்சி நடத்தப்பட்டது. அச்சகமும் ஆடைத் தொழிற்சாலையும் வந்தன. 1914இல் மக்கள் ஏறத்தாழ 9,000 ஆயினர்.

ஆனால் வழியெல்லாம் மலராக இல்லை. மண்ணுக்கடியில் போகும் குழாய்க்கு முதலில் செலவு. அதன் பயனோ பல ஆண்டு கழித்து. முதல் போட்டவர்களுக்கு ஆண்டுக்கு 5 விழுக்காட்டுக்கு மேல் ஆதாயம் இல்லை என்பது விதி. அந்த ஆதாயமும் 1913 வரை ஒரு காசும் வரவில்லை. அஞ்சிய இயக்குநர்கள், காலத்துக்கேற்ப உயர்த்தும் வாடகை என்ற ஹோவர்டின் அடிப்படையைத் தளர்த்தி, 99 ஆண்டு நிலைக்குத்தகைக்கு இடம் கொடுத்தனர். மலிவு வீடுகளின் வாடகைகூடக் கடையெளிய கூலியாளுக்கு எட்டவில்லை. ஹோவர்டு மதிக்கப்பட்டார், ஆனால் ஆட்சிப் பொறுப்பு அவரிடம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, வறுமையிலும் அவர் கனவுக்குத் துணைநின்ற எலிசபெத் அம்மையார், அந்நகரில் குடியேறும் முன்பே 1904 நவம்பரில் காலமானார். கணவர் கண்ட ஊரில் ஒரு நாளும் வாழ அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

ஏலத்தில் ஒரு துணிவு

முதல் உலகப்போர் முடிந்ததும் வீட்டுப் பஞ்சம் தலைவிரித்தாடியது. அரசே புதுநகர்களை அமைக்க வேண்டும் என்று இளைஞர் வாதிட்டனர். 69 வயது ஹோவர்டோ அரசுக்காகக் காத்திருந்தால் மெதுசலா வயதாகிவிடும் என்று கருதினார். 1919 மே 30ஆம் நாள் வெல்வின் அருகே பண்ணை நிலம் ஏலத்துக்கு வந்தது. முன்பணத்துக்கே முழுத்தொகை இல்லாத நிலையில், 1,458 ஏக்கரை 51,000 பவுனுக்கு ஏலம் எடுத்துவிட்டார்! நண்பர்கள் திகைத்தனர், பின்னர் கைகொடுத்தனர். அவ்வாறு பிறந்ததே வெல்வின் தோட்ட நகர். 1921இல் அங்கேயே குடியேறினார். 1927இல் அரசு ‘சர்’ பட்டம் அளித்தது. 1928 மே முதல் நாள் அந்நகரிலேயே கண்மூடினார். இரண்டு நகரங்களை உண்டாக்கியவர் தமக்கெனச் சேர்த்தது மிகச் சிறிது.

விளைவும் திரிபும்

அவர் புகழ் பரவியது. கொள்கை திரிந்தும் பரவியது. இரு உலகப்போர்களுக்கிடையே பிரிட்டனில் ஏறத்தாழ 40 இலட்சம் வீடுகள் எழுந்தன. அவற்றுள் பல நெடுஞ்சாலை ஓரங்களில் வால்போல நீண்டன. பலர் ‘தோட்டத்தை’ எடுத்துக்கொண்டனர், ‘நகரை’ விட்டுவிட்டனர். வீட்டுக்கு முன் நான்கு பூச்செடி இருந்தால் போதும் என்று எண்ணினர். வேலையும் விளைநிலமும் பொது உடைமையும் மறந்துபோயின.

எனினும் 1946ஆம் ஆண்டுப் புதுநகர்ச் சட்டத்தில் அவர் எண்ணம் அரசின் கொள்கையாயிற்று. ஸ்டீவனேஜ் முதல் நகராக அமைந்தது. இந்தியாவிலும் நகரமைப்பு எண்ணம் அந்நாளிலேயே கால்கொண்டது. அவர் காலத்தவரான பேட்ரிக் கெடிசு 1915இல் சென்னை மாகாண நகரங்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் தந்தார். 1920இல் சென்னை நகரமைப்புச் சட்டம் இயற்றப்பட்டது.

ஹோவர்டின் கணக்குச் சரியா என்பதற்குக் காலமே சான்று தந்தது. ஈவு தராத நிலம் என்று ஒரு காலத்தில் இகழப்பட்ட லெட்ச்வொர்த்தின் மதிப்பு உயர்ந்தது. 1960ஐ ஒட்டி, அந்த உயர்வைக் கைப்பற்ற வெளியார் கம்பெனியின் பங்குகளை வாங்கத் தொடங்கினர். ஊரார் கிளர்ந்தனர். 1962இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டு, அடுத்த ஆண்டு நிலம் பொதுக் கழகத்திடம் சேர்ந்தது. 1995 முதல் ஓர் அறநிறுவனம் அதனைக் காத்து, வருவாயை ஊர் நலனுக்கே செலவிடுகிறது. 2001ஆம் ஆண்டு மக்கள்தொகை ஏறத்தாழ 33,000. ஹோவர்டு தாளில் எழுதிய எண்ணை ஒரு நூற்றாண்டு கழித்து ஊர் எட்டியிருக்கிறது!

நாம் கொள்ள வேண்டியது

நண்பர்களே! நாளை நம்மில் பலர் கடன் வாங்கி ஊருக்கு வெளியே ஒரு மனை வாங்குவோம், வீடும் கட்டுவோம். அப்போது மனையின் விலையை மட்டும் கேட்டுத் திரும்பாமல், மழைநீர் எவ்வழி ஓடும், கழிவுநீர் எங்கே சேரும், பள்ளிக்கூடம் எத்தனை தொலைவு என்றும் கேட்போமாக. நம்மில் சிலர் அலுவலராகவும் ஆகலாம். நம் வருகையால் உயரும் நிலத்தின் மதிப்பில் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை அவர்கள் நினைவில் வைக்கட்டும். பட்டம் பெறாத, பணமும் இல்லாத ஒரு சுருக்கெழுத்தாளர் பிறர் பேச்சைக் குறித்துக்கொண்டே தம் சிந்தனையையும் வளர்த்தார். இரண்டு ஊர்கள் எழுந்தன. வகுப்பறையில் குறிப்பெடுக்கும் நமக்கு அவர் வாழ்வு ஒரு பாடம்.